பழைய ஜன்னலைத் தூக்கி எறியலாமா?

கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் உள்ள அக்ரகாரத் தெருக்கள் ஆகியவற்றில் அடிக்கடி நடந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில், சுவரில் சாய்த்தபடி, பழைய மர ஜன்னல் ஒன்று நிற்கும். கதவுகள் தனியே, கம்பிகள் தனியே, நிலைச் சட்டங்கள் தனியே. மறுநாள் பழைய சாமான் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கடுத்த நாள் அந்த இடத்தில் பளபளவென்று அலுமினிய ஜன்னல் ஏறியிருக்கும். "என்ன மாமி, ஜன்னலை மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டால், "ஆமாம்ப்பா, உளுத்துப் போயிடுத்து" என்று பதில் வரும்.

உண்மையிலேயே உளுத்துத்தான் போயிருந்ததா? அண்மையில் வலியசாலையில் அப்படிக் கழற்றி வைத்திருந்த ஒரு ஜன்னலை நின்று பார்த்தேன். நாலு கதவு ஜன்னல். மேல் ஜோடிக் கதவுகள் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. கீழ் ஜோடியில், அடிச் சட்டத்தின் மூலைகளில் மட்டும் நான்கு விரற்கடை அளவுக்கு மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது. நிலையின் கீழ்ச் சட்டத்திலும் ஒரு மூலை அப்படியே. மற்றதெல்லாம் ஆணி இறங்க மறுக்கும் ஆஞ்சிலி மரம். வீடு கட்டி எண்பது வருஷத்துக்குக் குறையாது என்றார் வீட்டுக்கார அம்மாள். மகன் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் பேசி அலுமினியத்துக்கு ஆளை ஏற்பாடு செய்திருந்தார். முன்பணம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

பக்கத்து வீட்டில் வேலைக்கு வந்திருந்த மூத்தாசாரி ஒருவர் கண்ணில் இது பட்டது. கழற்றிய கதவைத் தூக்கிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "அம்மா, அழுகினது நாலு விரக்கடை. அதுக்காக முழு ஜன்னலையும் களையணுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஜன்னல் பிழைத்தது. நாலு நாள் வேலை. ஆசாரியும் ஒரு கையாளும். கூலி, மரம், எண்ணெய் எல்லாம் சேர்த்து, அலுமினியத்துக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. இத்தனைக்கும் திருவனந்தபுரத்தில் ஒரு நல்ல ஆசாரி இன்று நாள் கூலி ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை.

அந்த நாலு நாளும் டியூட்டி முடிந்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். பார்த்ததையும் கேட்டதையும், பிறகு விசாரித்து அறிந்ததையும், பழைய வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்காக இங்கே தருகிறேன்.

என்ன மரம்?

பழைய ஜன்னல் என்றாலே தேக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். எல்லா வீட்டிலும் அப்படியில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்கள். தன் புரையிடத்தில் நின்ற தேக்கைக்கூட ஒருவர் அனுமதியில்லாமல் தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. ஆகவே சாதாரணக் குடும்பங்கள் ஆஞ்சிலியையும் பலாவையும் நம்பின. நாஞ்சில் நாட்டில் அயனி என்று சொல்வதும் இந்த ஆஞ்சிலியைத்தான். காயல்களில் ஓடும் கெட்டுவள்ளங்கள் கட்டப்பட்டதும் இதே மரத்தால்தான். தண்ணீரிலேயே கிடக்கும் வள்ளத்துக்குத் தாங்குகிற மரம் ஜன்னலுக்குத் தாங்காதா? பலாவும் இளைத்ததல்ல, முற்றிய பலாவின் உள்வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. அன்று கிடைத்தவை பல்லாண்டு நின்று முற்றிய மரங்கள். இன்று அறுவை மில்லில் அவசரத்துக்கு வாங்கும் இளமரத்தை அவற்றோடு ஒப்பிட முடியாது. அப்படிப்பட்ட மரத்தைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிட்டு, அதைவிட மட்டமானதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். வாங்கிப் போகிறவருக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். மேஜை நாற்காலியாக அது திரும்பி வரும்போது விலையைக் கேட்டால் நமக்கும் தெரியும்.

கூரையில் இருக்கிறது ஜன்னலின் ஆயுள்

மரத்தை அழுக வைப்பது ஒரு வகைப் பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறக்குறைய இருபது சதவிகிதத்தைத் தாண்டி அப்படியே நின்றால்தான் அது வளரும். நனைந்து உடனே காய்ந்துவிடுகிற மரம் நூறு வருஷமானாலும் அழுகாது. நனைந்து காயாமல் நிற்கிற மரம் ஐந்தே வருஷத்தில் போய்விடும். நம் ஊரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆக வருஷத்துக்கு இரண்டு மழை. இரண்டுக்கும் இடையில் மரத்துக்குக் காய அவகாசம் குறைவு.

இதைத் தெரிந்துதான் முன்னோர்கள் ஓட்டுக் கூரையின் இறவாரத்தை இரண்டு மூன்று அடி வெளியே நீட்டி விட்டார்கள். மழைத் தண்ணீர் ஜன்னலைத் தொடாமல் முற்றத்தில் விழும். பிறகு நாம் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டோம். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைக்க மறந்தோம், அல்லது ஒரு சாண் அளவுக்கு வைத்தோம். எண்பது வருஷம் நின்ற ஜன்னல் அதன்பிறகு அழுக ஆரம்பித்தால் குற்றம் ஜன்னலுடையதா? வலியசாலை வீட்டிலும் இதுவே கதை. ஓடு இருந்த பின்கட்டு ஜன்னல்கள் இன்றும் கல் மாதிரி இருக்கின்றன. முன்கட்டில் கூரை மாறிய இடத்தில் மட்டும்தான் கேடு.

சிமெண்டும் ஒரு காரணம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். நிலையைச் சுற்றி விரிசல் கண்டவுடன் சிமெண்டை அப்பிவிடுகிறோம். சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தையே அங்கே வைப்பது நல்லது.

மூன்றாவது எதிரி பெயிண்ட். பெயிண்டை நண்பன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வெடிக்காத வரையில் நண்பன்தான். தீபாவளிக்குத் தீபாவளி பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனால், அது தகடு போல ஆகி மூட்டுகளில் வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது.

நாலு விரற்கடை வைத்தியம்

முதலில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பேனாக்கத்தியோ குத்தூசியோ போதும். கீழ்ச் சட்டங்களிலும் மூலை மூட்டுகளிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். அழுகிய இடத்தில் சுலபமாகக் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கும். தட்டினால் பொத்பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் உள்ளே கரையான் தின்றிருக்கலாம். நிலை சுவரைத் தொடும் பக்கத்தில் மண்கோடு தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கரையான் வருவது பெரும்பாலும் சுவர் வழியாகத்தான்.

பழைய ஜன்னலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அதைச் செய்தவர் கழற்றும்படியாகவே செய்திருக்கிறார். ஒரு சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, அடுத்த சட்டத்தின் துளையில் செருகி, குறுக்கே மூங்கில் முளையோ மர முளையோ அடித்திருப்பார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. முளையைத் தட்டி எடுத்தால் கதவு சட்டம் சட்டமாகப் பிரிந்து வரும். மூத்தாசாரி பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டார். கையால் செய்த வேலையில் ஒரு சட்டம் இன்னொன்றின் இடத்தில் சரியாக உட்காராது என்பது அவர் சொன்ன காரணம்.

அழுகிய பாகத்தை அவர் நேராக வெட்டவில்லை. நல்ல மரம் தெரியும் வரை சரிவாக வெட்டினார். சரிவின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டுமாம். அதே சரிவில் ஒட்டு மரத்தைச் செதுக்கிப் பொருத்தி, பசை தடவி, இரண்டு முளை அடித்து, இறுக்கிக் கட்டி ஒருநாள் வைத்தார். சரிவின் வாய் வெளிப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். மேல்நோக்கி இருந்தால் அதுவே தண்ணீர்த் தொட்டி. ஒட்டு மரம் அதே ஜாதி மரமாக, ரேகை அதே திசையில் ஓடுவதாக இருக்க வேண்டும். பச்சை மரம் கூடவே கூடாது. காய்ந்து சுருங்கி விட்டுப்போகும். பழைய சாமான் கடையில் கிடந்த ஓர் உடைந்த உத்தரத் துண்டைத்தான் அவர் இதற்கு வாங்கி வந்தார். பசை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

மக்கு வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடிப்பதுதான் இன்று ஊரில் நடக்கும் ரிப்பேர். அழுகலை எடுக்காமல் மக்கு வைப்பது சொத்தைப் பல்லின் மேல் தங்கப் பூண் போடுவது போலத்தான்.

இன்னொரு சின்ன வேலை. செலவே இல்லாதது. நிலையின் கீழ்ச் சட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அதன் அடிப்பக்கம் நீளவாட்டில் ஒரு சிறு காடி வெட்டினார். மேலே விழுந்த தண்ணீர் அடிப்பக்கமாகத் தவழ்ந்து சுவருக்குப் போகப் பார்க்கும். காடியைக் கண்டதும் அதற்கு மேல் போக முடியாமல் சொட்டி விழுந்துவிடும். நூறு ரூபாய் வேலையில் சுவரும் தப்பியது, நிலையும் தப்பியது.

குடுமியும் கீலும்

மிகப் பழைய ஜன்னல்களில் கீல் இருக்காது. கதவின் ஓரச் சட்டமே மேலும் கீழும் முளை போல நீண்டு, நிலையின் குழியில் உட்கார்ந்து சுழலும். இதைக் குடுமி என்பார்கள். வருஷக்கணக்கில் சுழன்று கீழ்க் குடுமி தேய்ந்தால் கதவு இறங்கி உரசும். உரசுகிறதே என்று கதவின் அடியை இழைத்துவிடுவது தவறு. தேய்ந்த குடுமிக்குப் புதிதாக ஒரு கட்டை வைத்துச் சரிசெய்தால் கதவு தானாகப் பழைய உயரத்துக்கு ஏறிவிடும்.

கீல் உள்ள ஜன்னலில் திருகாணி ஓட்டை பெரிதாகிப்போவது வழக்கமான நோய். பெரிய திருகாணி போட்டால் மரம் பிளக்கும். ஓட்டையில் காய்ந்த மரக்குச்சியைப் பசையோடு அடித்து நிரப்பி, பழைய அளவுத் திருகாணியையே மறுபடி போடலாம். கடல் பக்கத்து வீடுகளில் இரும்புத் திருகாணி துருவேறிப் பெருத்து மரத்தையே பிளந்துவிடும். சங்குமுகம், வலியதுறை பக்கம் குடியிருப்பவர்கள் பித்தளைக்கே செலவழிப்பது மேல்.

ரயில் பெட்டி ஷட்டர்

மேலும் கீழும் தூக்கி இறக்கும் ஜன்னல் நம் வீடுகளில் குறைவு. ஆனால் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. ரயில் பெட்டியில் தூக்கி மாட்டும் ஷட்டர் அந்த வகைதான். கொல்லத்திலிருந்து 1918-ல் மீட்டர்கேஜ் ரயில் இந்த ஊருக்கு வந்து, 1931-ல் தம்பானூர் நிலையம் திறந்த காலத்தில், பெட்டிகளின் உடம்பே மரம். 1955-ல் பெரம்பூர் தொழிற்சாலையில் எஃகுப் பெட்டிகள் செய்யத் தொடங்கிய பிறகும் தூக்கும் ஷட்டர் போகவில்லை. சரியாக மாட்டாத ஷட்டர் விரல் மேல் விழுந்த அனுபவம் பயணிகளில் பாதிப் பேருக்காவது இருக்கும்.

இங்கிலாந்தில் வீட்டு ஜன்னலே இப்படித்தான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. ஆனால் அங்கே விரலில் விழாது. இரு பக்கமும் மரக்கூட்டுக்குள் இரும்புக் குண்டோ ஈயக் குண்டோ தொங்கும். கயிறு கப்பியின் மேலாகப் போய்க் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்திருக்கும். எடைக்கு எடை சமமாக இருப்பதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். கயிறு இற்றுப்போவதும், பெயிண்ட் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பதும்தான் அதன் நோய்கள். ஒரு பக்கக் கயிறு அறுந்தால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுவார்கள்; ஒட்டிக்கொண்டால் மெல்லிய கத்தியால் இடுக்கில் கீறி விடுவிப்பார்கள். ஓடும் காடியில் பெயிண்டே அடிக்காமல் மெழுகு தேய்ப்பார்கள். வீட்டில் இழுப்பறை சிக்கினால் மெழுகுவத்தியைத் தேய்க்கிறோமே, அதே வித்தைதான். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காமல், அன்றாடம் பேணிக் காக்க வேண்டும் என்று வாதாட அந்நாட்டில் வில்லியம் மாரிஸ் 1877-லேயே ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

ஆனாலும் அந்த ஜன்னல் நம் புழுக்கத்துக்குப் போதாது. எவ்வளவு தூக்கினாலும் பாதிதான் திறக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அலுமினியத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எண்ணெயா, பெயிண்டா?

மூத்தாசாரி எண்ணெய்க் கட்சி. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தடவினார். மரத்தின் வெட்டு முனைகளுக்கு மட்டும் கூடுதலாக ஊட்டினார். மரம் தண்ணீர் குடிப்பது அந்த முனை வழியாகத்தான். எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

கரையான் பயம் உள்ள இடத்தில், சுவரைத் தொடும் பக்கத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பூசுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். முந்திரித் தொழிலுக்குப் பேர்போன கொல்லம் பக்கத்தில் இருப்பதால் கிடைப்பதும் சுலபம். ஆனால் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

பெயிண்ட்தான் வேண்டும் என்பவர்கள் பழையதை முழுதும் எடுத்துவிட்டு அடிக்கலாம். எடுக்கும்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய பெயிண்டுகளில் ஈயம் உண்டு. 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே முப்பது நாற்பது வருஷத்துப் பூச்சை உலர் உப்புத்தாளால் தேய்த்துப் பறக்க விடுவது ஆபத்து. தண்ணீர் தொட்டு ஈரமாகச் சுரண்ட வேண்டும், மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும், பொடியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் அந்த நாட்களில் அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

அலுமினியம் கெட்டதா?

கெட்டது என்று சொல்ல மாட்டேன். கரையான் தொடாது, பெயிண்ட் கேட்காது. நிலையே முழுதும் போய்விட்ட இடத்தில், அல்லது மரம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு, அதுவே வழி. ஆனால் ஓடுகிற வகை அலுமினிய ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய் நிற்பதால், எப்போதும் பாதிதான் திறக்கும். நாலு கதவு மர ஜன்னல் முழுதும் திறக்கும். கீழ் ஜோடியைச் சாத்தித் தெருப்பார்வையை மறைத்துக்கொண்டு, மேல் ஜோடியை மட்டும் திறந்து காற்று வாங்கலாம். பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி. ஜன்னலை மாற்றிய வீடுகளில் அடுத்து வாங்கும் சாமான் ஏ.சி.யாக இருப்பதில் வியப்பில்லை. கொசு நுழைகிறது என்பது பலர் சொல்லும் நியாயமான குறை. உள்பக்கம் மெல்லிய சட்டத்தில் வலை அடித்துத் தனிக்கதவாக மாட்டினால் தீர்ந்தது.

இந்த ஊரில் இருந்துகொண்டே இதையெல்லாம் சொன்னவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, பிறகு இந்தியப் பிரஜையாகி, 2007-ல் மறையும் வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இடித்த வீடுகளின் பழைய கதவு ஜன்னல்களை வாங்கித் தம் கட்டடங்களில் பொருத்தினார். நாலாஞ்சிறையில் குன்றின் மேல் கட்டிய அவர் சொந்த வீட்டிலும் பழைய மரமே. கட்டடத்தில் அதிகச் செலவு வைக்கும் பகுதிகளில் ஜன்னல் ஒன்று என்பதை அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி, நடுவில் சுழலும் ஒரே பலகை. இதைவிட எளிய ஜன்னல் இல்லை என்பது அவர் கருத்து. மேலே சொன்ன குடுமிதான் அது.

பழைய மர ஜன்னல் எவ்வளவு செய்யும் என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வரலாம். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ஆட்சி அங்கேதான். 1956-ல் கல்குளம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. மந்திரசாலையில் சாய்வாகப் பதித்த மரச் சட்டங்களும் வண்ண அபிரகத் தகடுகளும் உள்ள ஜன்னல்களின் அருகே நண்பகலில் நின்று பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கண் கூசாது, காற்று மட்டும் வரும். மின்விசிறி இல்லாத காலத்து மந்திரிகள் அங்கே உட்கார்ந்துதான் ராஜ்ய காரியம் பேசியிருக்கிறார்கள்.

ஆசாரி எங்கே?

"எல்லாம் சரி, ஆளுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1979-ல் நாகர்கோவில் பாதை திறந்த நாளிலிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து காலை வண்டிகளில் வந்து இறங்கும் வேலைக்காரர்களில் மரவேலைக்காரர்களும் உண்டு. சணல் பையில் உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது அந்தப் பைகள் குறைந்து, மின்சாரத் துளைக்கருவிப் பெட்டிகள் கூடியிருக்கின்றன. வலியசாலைக்கு வந்த மூத்தாசாரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் தச்சுதான் பழகினான், இப்போது அலுமினியம் வெட்டுகிறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "அதுல காசு உடனே கிட்டும் சாரே. இதுல ஒரு மூட்டுக்கு அரை நாள் போவும். அவனைக் குத்தம் சொல்ல முடியாது." கூட இருந்த கையாள் அஸ்ஸாம் மாநிலத்து இளைஞர். சரிவு வெட்டும்போது அளவுகோல் வைக்காமல் கண்ணாலேயே பிடிக்கப் பழகியிருந்தார்.

பெரிய கட்டடங்களின் ஜன்னலுக்குக் கவலையில்லை. 1880-ல் கட்டி முடிந்த நேப்பியர் மியூசியத்துக்கும் குதிரைமாளிகைக்கும் கவனிக்க ஆளும் பணமும் எப்படியோ வந்துவிடும். அக்ரகாரத்து வீட்டின் முன்கட்டு ஜன்னலுக்கு வீட்டுக்காரரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவரும் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருந்துவிட்டால், தொலைபேசியில் முடிவாகிவிடுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். அழுகிய இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழு ஜன்னலை அல்ல, அழுகிய இடத்தை மட்டும். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் மகரம் முதல் மேடம் வரை. மரம் காய்ந்திருக்கும், பசை பிடிக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். இடவம் பிறந்துவிட்டால் மூத்தாசாரி ஒட்டு வேலை எடுப்பதில்லை. சுவர் ஓர விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, ஜன்னலுக்கு மேல் ஒரு தகரமோ ஓலையோ நீட்டிக் கட்டி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, துலாவர்ஷம் ஓய்ந்து மரம் காய்ந்ததும் வருகிறேன் என்று போய்விடுவார்.